வெட்கம் யாருடைய மூலதனம்?

டேட்டிங் செயலி வழியாக யாரேனும் ஏமாற்றப்பட்டதாகவோ தாக்கப்பட்டதாகவோ செய்தி வந்தால், அடுத்த இரண்டு நாட்களுக்கு முகநூலில் என்ன எழுதப்படும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடலாம். "இதெல்லாம் நமக்குத் தேவையா?" என்று ஒருவர் தொடங்குவார். "பெற்றோர் பார்த்து வைத்திருந்தால் இந்த நிலை வந்திருக்குமா?" என்று இன்னொருவர் தொடர்வார். முற்போக்கு பேசும் நண்பர் ஒருவர் சற்று நாகரிகமாக, "இலவசத் தளங்களில் தரமான ஆட்கள் இருக்க மாட்டார்கள், பணம் கட்டும் தளமாகப் பாருங்கள்" என்பார். மூவருமே தாங்கள் பாதுகாப்பைப் பற்றிப் பேசுவதாக நம்புகிறார்கள். முதல் இருவர் பேசுவது ஒழுக்கத்தை. மூன்றாமவர் பேசுவது அந்தஸ்தை. இந்தப் பேச்சு யாரையும் காப்பாற்றியதில்லை. மாறாக, மோசடிக்காரர்களுக்கு மிகப் பெரிய உதவி ஒன்றை அது செய்துவருகிறது. அந்த உதவி என்னவென்று சொல்லத்தான் இந்த நீண்ட பதிவு. தளத்தை எப்படித் தேர்வது, எப்படிப் பயன்படுத்துவது என்பதும் இதில் உண்டு. அவசரமுள்ளவர்கள் நான்காம் பகுதிக்குச் சென்றுவிடலாம்.

1. யார் வருகிறார்கள்?

முதலில், இந்தத் தளங்களைத் தேடி வருபவர்கள் யார் என்று பார்ப்போம். "பொழுதுபோகாத பணக்காரப் பிள்ளைகள்" என்பது பழைய கற்பனை. டிண்டர் 2012இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்டது. 2016இல் இந்தியாவில் அலுவலகம் திறந்தது. பம்பிள் 2018 டிசம்பரில் இங்கே வந்தது. தமிழ் பேசுவோருக்கென்றே தனிச் செயலி விடும் அளவுக்கு இந்திய நிறுவனங்களும் வளர்ந்துவிட்டன. இவ்வளவு பெரிய சந்தை ஒரு சிறு கூட்டத்தின் சபலத்தால் உருவாகிவிடாது.

இந்தியாவில் நடக்கும் திருமணங்களில் சாதி கடந்தவை ஏறத்தாழ 5 சதவீதம்தான் என்று 2011-12ஆம் ஆண்டின் இந்திய மனிதவள மேம்பாட்டு ஆய்வு காட்டியது. சாதி ஒழிப்புக்கு உண்மையான மருந்து கலப்புமணமே என்று அம்பேத்கர் 1936இல் எழுதி எத்தனை பத்தாண்டுகள் கடந்துவிட்டன! இன்றும் திருமணத் தகவல் தளங்களில் சாதி, உட்சாதி, நட்சத்திரம் என்ற வரிசையில்தான் மனிதர்கள் வடிகட்டப்படுகிறார்கள். டிண்டரோ பம்பிளோ சாதி கேட்பதில்லை. பயனர்கள் குடும்பப் பெயரையும் உணவுப் பழக்கத்தையும் வைத்து மோப்பம் பிடிப்பது வேறு கதை. ஆனால் சாதிக்கென ஒரு கட்டம் போட்டு அதை நிரப்பச் சொல்லாத இடம் என்பதே நம் நாட்டில் அரிது.

தன் சாதிக்கு வெளியே துணை தேடுபவர், ஊர்விட்டு ஊர் வந்து டெல்லியிலோ புனேயிலோ ஹைதராபாத்திலோ வேலை பார்ப்பவர், கணவனை இழந்தவர், மணமுறிவு பெற்றவர், மாற்றுத்திறனாளி, தற்பாலீர்ப்பாளர், திருநங்கை, திருநம்பி: இவர்களுக்குத் தரகரும் இல்லை, தாய்மாமனும் இல்லை. "பெற்றோர் பார்த்து வைக்கட்டும்" என்ற அறிவுரை இவர்களிடம் செல்லாது. இவர்களில் பலருக்குப் பெற்றோரே முதல் ஆபத்து.

"பணம் கட்டும் தளத்துக்குப் போங்கள்" என்பவரிடமும் ஒரு கேள்வி. மத்தியப் பல்கலைக்கழகங்களில் நெட் அல்லாத உதவித்தொகையில் முனைவர்பட்ட ஆய்வு செய்யும் மாணவர் பெறுவது மாதம் 8,000 ரூபாய். 2012இல் நிர்ணயித்த தொகை அது. அதில் சாப்பாடு, புத்தகம், ஊர்ப் பயணம் எல்லாம் போக, மாதச் சந்தாவும் கட்டிவிட்டுத்தான் ஒருவர் பாதுகாப்பாகக் காதலிக்க வேண்டுமா? இலவசத் தளம் என்பது ஏழையின் தேர்வு என்பதாலேயே அது இழிவானது என்று சொல்லும் இந்த மனநிலை நமக்குப் புதிதன்று. அரசு மருத்துவமனை, அரசுப் பள்ளி, நகரப் பேருந்து ஆகியவற்றைப் பற்றியும் இதே குரலில்தான் பேசுகிறோம்.

2. அரசு எதைக் காக்கிறது?

2016 ஜூனில் மத்தியத் தகவல் தொழில்நுட்பத் துறை, இணையத் திருமணத் தகவல் தளங்களுக்கு ஓர் அறிவுறுத்தலை வெளியிட்டது. பயனரின் அடையாளச் சான்றைப் பெற வேண்டும், கணக்கு தொடங்கிய இணைய முகவரிப் பதிவைப் பாதுகாக்க வேண்டும், புகார் அலுவலரை நியமிக்க வேண்டும் என்றெல்லாம் அது சொன்னது. நல்லதுதான். ஆனால் அதே அறிவுறுத்தல், இத்தளங்கள் திருமண நோக்கத்துக்கு மட்டுமே உரியவை, டேட்டிங் தளங்கள் அல்ல என்று அறிவிக்கவும் சொன்னது. அந்த ஒரு வரியில் அரசின் மனம் முழுதும் தெரிகிறது. திருமணம் தேடி வருபவருக்குக் காவல் உண்டு. தோழமை தேடி வருபவர் தம் பாட்டைத் தாமே பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரே மோசடிக்காரன் இரு தளங்களிலும் உலவுவான் என்பது அரசுக்குத் தெரியாததா?

2022 நவம்பரில் டெல்லி மெஹ்ரௌலியில் ஓர் இளம்பெண் கொல்லப்பட்ட செய்தி வெளியானதும் நடந்ததை நினைவுகூருங்கள். இருவரும் செயலி வழியாகச் சந்தித்தவர்கள் என்ற ஒற்றைத் தகவலை வைத்துக்கொண்டு நாடே செயலியைத் தூற்றியது. படித்த பெண்கள் ஏன் இப்படிச் சேர்ந்து வாழ்கிறார்கள் என்று ஒரு மத்திய இணையமைச்சரே கேட்டார். மகாராஷ்டிர அரசு அந்த டிசம்பரிலேயே, மதம் கடந்து மணம் செய்தோரைக் கண்காணிக்க ஒரு குழுவை அமைத்தது. தான் அடிக்கப்படுவதாகவும் கொல்லப்படலாம் என்று அஞ்சுவதாகவும் அந்தப் பெண் 2020இலேயே காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்திருந்தார் என்பதும், பின்னர் அந்தப் புகார் விலக்கிக்கொள்ளப்பட்டு முடிந்துபோனது என்பதும் ஓரிரு நாள் செய்தியாகி மறைந்தன. அடிவாங்கும் பெண் ஒருத்தி ஏன் புகாரை விலக்கிக்கொள்கிறாள், விலக்கிய பிறகு அவளைப் போய்ப் பார்க்க ஏன் ஒருவருமில்லை என்ற கேள்விகளுக்கு எந்தக் குழுவும் அமைக்கப்படவில்லை.

தனியுரிமை அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். தற்பாலீர்ப்பு குற்றமல்ல என்ற தீர்ப்பு 2018 செப்டம்பர் 6 அன்று வந்தது. தீர்ப்புகள் ஒரு பக்கம் இருக்க, 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டத்தின்படி மணம் செய்ய விரும்புவோரின் பெயரும் முகவரியும் 30 நாட்கள் அறிவிப்பில் தொங்குவது இன்றும் தொடர்கிறது. உத்தராகண்டில் 2025 ஜனவரியிலிருந்து, சேர்ந்து வாழ்வோர் அரசிடம் பதிவு செய்யாவிட்டால் சிறைத்தண்டனை வரை உண்டு. நம்மைக் கண்காணிப்பதில் காட்டும் ஆர்வத்தில் பத்தில் ஒரு பங்கையாவது நம்மைக் காப்பதில் காட்டினால் என்ன?

3. இலவசத்தின் விலையும் மோசடியின் முறையும்

நிறுவனங்களின் பக்கம் வருவோம். அவர்களை நான் தற்காக்க வரவில்லை.

இலவசக் கணக்கு என்பது தூண்டில். உங்களை யாரோ விரும்பியிருக்கிறார்கள் என்று மங்கலாக்கிய படத்துடன் ஓர் அறிவிப்பு வரும்; யாரென்று பார்க்கப் பணம் கட்ட வேண்டும். டிண்டர், ஹிஞ்ச், ஓகேக்யூபிட் ஆகியவற்றின் உரிமையாளரான மேட்ச் குழுமத்தின் மீது அமெரிக்காவின் மத்திய வணிக ஆணையம் 2019இல் தொடுத்த வழக்கு இதைப் பற்றியதுதான். மேட்ச் தளத்தின் இலவசப் பயனர்களுக்கு "ஒருவர் உங்கள்மேல் ஆர்வம் காட்டியிருக்கிறார்" என்று மின்னஞ்சல்கள் போயின. அவற்றில் பல, மோசடிக் கணக்குகளாக இருக்கலாம் என்று நிறுவனமே ஐயுற்றுக் குறித்துவைத்திருந்த கணக்குகளிலிருந்து வந்தவை என்பது ஆணையத்தின் குற்றச்சாட்டு. அதாவது, மோசடிக்காரனையே விளம்பரத் தூதனாக்கிச் சந்தா விற்றார்கள் என்பது. வழக்கு 2025 ஆகஸ்டில் 1.4 கோடி டாலர் கொடுத்து முடித்துக்கொள்ளப்பட்டது. பணம் கட்டும் தளம் பாதுகாப்பானது என்று சொல்லும் நண்பர்கள் இதை இன்னொரு முறை வாசிக்க வேண்டும். அங்கே மோசடிக் கணக்குதான் பணம் கட்டவே வைத்தது.

அடுத்தது நம் தகவல். கிரைண்டர் செயலி, பயனர்களின் எச்ஐவி நிலை குறித்த விவரத்தைக்கூட இரண்டு வெளி நிறுவனங்களோடு பகிர்ந்துவந்தது 2018இல் அம்பலமானது. முறையான ஒப்புதலின்றித் தகவல்களை விளம்பர நிறுவனங்களுக்குக் கொடுத்ததற்காக நார்வே நாட்டின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் 2021இல் அதற்கு 6.5 கோடி குரோனர் அபராதம் விதித்தது. பெல்ஜியத்தின் லூவென் கத்தோலிக்கப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2024இல் 15 டேட்டிங் செயலிகளைச் சோதித்தபோது, அவற்றில் 6 செயலிகளில் பயனர் இருக்கும் இடத்தை ஏறத்தாழத் துல்லியமாகக் கண்டறிய முடிந்தது. பம்பிளும் ஹிஞ்சும் அந்த ஆறில் அடங்கும். ஆய்வாளர்கள் சொன்ன பிறகே நிறுவனங்கள் ஓட்டையை அடைத்தன. 2015இல் ஆஷ்லி மேடிசன் தளத்திலிருந்து 3 கோடிக்கும் மேற்பட்ட கணக்குகளின் விவரம் வெளியே கொட்டப்பட்டபோது, கணக்கை முற்றாக அழிக்கக் காசு கட்டியவர்களின் தகவல்களும் அதில் கிடந்தன. நம் நாட்டில் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் நிறைவேறியது. அதன் விதிகள் 2025 நவம்பரில்தான் அறிவிக்கப்பட்டன. நிறுவனங்களின் முக்கியக் கடமைகள் நடைமுறைக்கு வர மேலும் ஒன்றரை ஆண்டு அவகாசமும் தரப்பட்டது.

இனி மோசடிகள். அவற்றின் வகைகள் பல இருந்தாலும் இயந்திரம் ஒன்றுதான்.

உணவகக் கட்டண மோசடியை எடுத்துக்கொள்ளுங்கள். 2024 ஜூனில் டெல்லியில், குடிமைப்பணித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த ஓர் இளைஞரை டிண்டரில் அறிமுகமான பெண் ஒரு கஃபேக்கு அழைத்தார். சற்று நேரத்தில் வீட்டில் அவசரம் என்று எழுந்து போய்விட்டார். வந்த ரசீது ஏறத்தாழ 1.2 லட்சம் ரூபாய். மறுத்தவரை மிரட்டிப் பணத்தைப் பறித்தார்கள். கஃபே உரிமையாளர், மேலாளர், அழைத்துவரும் பெண் என ஒவ்வொருவருக்கும் முன்கூட்டியே பங்கு பேசப்பட்டிருந்தது விசாரணையில் தெரிந்தது.

முதலீட்டு மோசடி மெதுவானது. வாரக்கணக்கில் அன்பாகப் பேசுவார்கள். பணம் கேட்க மாட்டார்கள். ஒரு நாள் தாம் கிரிப்டோவிலோ பங்குச் சந்தையிலோ ஈட்டிய லாபத்தைக் காட்டுவார்கள். நீங்கள் போடும் முதல் சிறு தொகை லாபத்தோடு திரும்பக் கையில் கிடைக்கும். நம்பிக்கை வந்து பெருந்தொகை போட்ட பிறகு, அதை எடுக்க வரி கட்டு, கட்டணம் கட்டு என்பார்கள். எதிர்முனையில் பேசுபவர் ஒரு கைதியாகக்கூட இருக்கலாம். மியான்மரின் மியாவாடி போன்ற இடங்களுக்கு வேலை என்று சொல்லி அழைத்துச் செல்லப்பட்டு, இத்தகைய மோசடிகளைச் செய்ய அடித்து வற்புறுத்தப்பட்டவர்களில் தமிழ் இளைஞர்களும் உண்டு. அவர்களில் 13 பேர் 2022 அக்டோபரில் மீட்கப்பட்டுச் சென்னை திரும்பினார்கள்.

காணொளி மிரட்டல் மிக வேகமானது. அறிமுகமான அன்றே வாட்ஸ்அப் எண் கேட்பார்கள். இரவில் காணொளி அழைப்பு வரும். சில நொடிகளில் திரை பதிவாகிவிடும். பிறகு உங்கள் நண்பர்கள் பட்டியலைக் காட்டி மிரட்டல் தொடங்கும். அடுத்து "காவல் அதிகாரி" ஒருவரும் பேசுவார். அவரும் அதே கும்பல்தான்.

தற்பாலீர்ப்புள்ள ஆண்களைத் தனியறைக்கு வரவழைத்து அடித்துப் பணம் பறிக்கும் கும்பல்கள் தலைநகர் வட்டாரத்தில் மீண்டும் மீண்டும் பிடிபடுகின்றன. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் பழைய 377ஆம் பிரிவுக்கு நிகரான எதுவுமே இல்லை. ஓர் ஆணை இன்னோர் ஆண் வன்புணர்ந்தால் அதைப் பாலியல் குற்றமாகப் பதியும் பிரிவு இன்று இல்லை. அந்தக் கும்பல்கள் சட்டப் புத்தகத்தைப் படித்திருக்க வேண்டியதில்லை. காவல் நிலையத்துக்கு யார் போக மாட்டார்கள் என்று தெரிந்திருந்தால் போதும்.

இந்த நான்கிலும் மோசடிக்காரன் போடும் மூலதனம் என்ன? ஒரு போலிப் படம், ஒரு சிம் அட்டை. மற்றதெல்லாம் நாம் கொடுப்பது. பாதிக்கப்பட்டவர் வெளியே சொல்ல மாட்டார் என்ற உறுதியின் மேல்தான் இந்தத் தொழில் முழுதும் நிற்கிறது. அந்த உறுதியை அவனுக்கு அளிப்பவர்கள், "இதெல்லாம் நமக்குத் தேவையா" என்று எழுதும் நாம். ஏமாந்தவரைப் பார்த்துச் சிரிக்கும் ஒவ்வொரு பின்னூட்டமும், அடுத்து ஏமாறப்போகிறவரின் வாயை அடைக்கிறது. நான் தொடக்கத்தில் குறிப்பிட்ட உதவி இதுதான். டெல்லி கஃபே வழக்கில் ஆட்கள் கைதானது எதனால்? ஓர் இளைஞர் வெட்கப்படாமல் காவல் நிலையம் போனார். அவருக்கு முன்பு அதே மேசையில் பணம் இழந்தவர்கள் எத்தனை பேர் வாய்மூடி வீடு திரும்பினார்களோ!

4. தேர்வதும் பயன்படுத்துவதும்

ஆகவே நான் "போகாதீர்கள்" என்று சொல்லப்போவதில்லை. போகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியவற்றைச் சொல்கிறேன்.

தளத்தைத் தேரும்போது விளம்பரத்தைப் பார்க்காதீர்கள். நான்கு கேள்விகளைக் கேளுங்கள். பணம் கட்டாதவரும் ஒருவரைத் தடுக்கவும் புகாரளிக்கவும் முடிகிறதா? கணக்கை மறைப்பதற்கும் முற்றாக அழிப்பதற்கும் தனித்தனி வழி இருக்கிறதா? இருக்கும் இடத்தையும் தூரத்தையும் காட்டாமல் வைக்க முடிகிறதா? இந்தியாவுக்கான குறைதீர் அலுவலரின் பெயரும் தொடர்பு முகவரியும் தளத்தில் உள்ளனவா? நான்காவது, 2021ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகள் கட்டாயமாக்கியது. இந்த நான்கும் இல்லாத தளம் எவ்வளவு அழகாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். செயலியை அதிகாரப்பூர்வக் கடையிலிருந்து மட்டும் இறக்குங்கள். யாரோ அனுப்பிய இணைப்பிலிருந்து வேண்டாம்.

நீலக் குறியை நம்பி ஏமாறாதீர்கள். படச் சரிபார்ப்பு என்பது, கணக்கில் உள்ள படமும் கைப்பேசியின் முன் இருந்த முகமும் ஒன்று என்பதை மட்டுமே சொல்கிறது. அவர் பெயர் உண்மையா, மணமானவரா, சொன்ன வேலையில்தான் இருக்கிறாரா என்பவை அந்தக் குறிக்குத் தெரியாது.

கணக்குக்கெனத் தனி மின்னஞ்சல் வையுங்கள். முகநூலிலும் இன்ஸ்டாகிராமிலும் ஏற்கெனவே இட்ட படத்தை இங்கே இடாதீர்கள். ஒரு படத்தை வைத்துத் தேடி உங்கள் முழு வாழ்க்கையையும் எடுத்துவிடலாம். விடுதியின் பெயர்ப்பலகை, அலுவலக அடையாள அட்டை, வண்டி எண் ஆகியவை படத்தில் வேண்டாம். எதிர்முனையின் படத்தையும் இணையப் படத்தேடலில் போட்டுப் பாருங்கள்; வேறொருவர் பெயரில் கிடைத்தால் அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

அறிமுகமான முதல் நாளே செயலியை விட்டு வாட்ஸ்அப்புக்கோ டெலிகிராமுக்கோ அழைப்பவரிடம் எச்சரிக்கை தேவை. செயலியில் நடந்த உரையாடலுக்குப் பதிவு இருக்கும், புகாரளித்தால் நிறுவனம் பார்க்க முடியும். வெளியே போனால் அந்தச் சிறு காவலும் போய்விடும். நேரில் சந்திக்கும் முன் பகலில் ஒரு சாதாரணக் காணொளி உரையாடல் கேளுங்கள். நேர்மையானவருக்கு அதில் தயக்கம் இருந்தாலும் காரணம் சொல்வார், மாற்று வழி சொல்வார். மோசடிக்காரர் கோபப்படுவார் அல்லது அழுவார்.

பணம் என்ற சொல் வந்தவுடன் உறவு முடிந்தது என்று கொள்ளுங்கள். மருத்துவச் செலவானாலும், சுங்கத்தில் சிக்கிய பரிசுப் பொதியானாலும், இரட்டிப்பு லாபமானாலும் விதி ஒன்றுதான். நேரில் பார்க்காத ஒருவருக்கு ஒரு ரூபாயும் அனுப்புவதில்லை, அவர் சொல்லும் எந்தச் செயலியையும் இறக்குவதில்லை, ஓடிபி பகிர்வதில்லை.

முதல் சந்திப்புக்கான இடத்தை நீங்கள் தேருங்கள். அல்லது அவர் சொன்ன இடத்துக்குப் பக்கத்தில் உங்களுக்குத் தெரிந்த வேறோர் இடத்தைச் சொல்லுங்கள். உணவக மோசடி இந்த ஓர் அடியிலேயே முறிந்துவிடும். ஏனெனில் அந்தக் கும்பலுக்குக் குறிப்பிட்ட அந்த ஒரு கடை வேண்டும். விலைப்பட்டியலைப் பார்த்த பிறகே எதையும் வரவழையுங்கள். போகவும் வரவும் உங்கள் சொந்த ஏற்பாடு இருக்கட்டும். அறைக்கோ வீட்டுக்கோ முதல் நாள் போக வேண்டாம் என்பது ஆண்களுக்கும் பொருந்தும். தற்பாலீர்ப்பாளர்களுக்கு இன்னும் அழுத்தமாகப் பொருந்தும். பொது இடத்தில் சந்திப்பதே அவர்களுக்கு ஆபத்தாகிற ஊர்களும் உண்டு என்பது எனக்குத் தெரியும். அங்கே நம்பகமான ஒரு நண்பர் அருகில் இருப்பதைத் தவிர வேறு நல்ல வழி தெரியவில்லை.

எல்லாவற்றிலும் முக்கியமானது இது: ஒருவரிடமாவது சொல்லிவிட்டுப் போங்கள். யாரைச் சந்திக்கிறீர்கள், எங்கே, எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்பதை நம்பிக்கைக்குரிய ஒருவரிடம் சொல்லி, இருப்பிடத்தையும் பகிருங்கள். செய்வதற்கு இதைவிட எளிதான ஒன்றில்லை. நம் சமூகம் இதைத்தான் மிகக் கடினமாக்கி வைத்திருக்கிறது. தோழியிடம் சொன்னால் கேலி, அறைத்தோழரிடம் சொன்னால் வதந்தி, அண்ணனிடம் சொன்னால் அடி என்றால் யாரிடம் சொல்லிவிட்டுப் போவது?

மோசடி நடந்துவிட்டால், முதல் சில மணி நேரம் பொன்னானது. பணம் போயிருந்தால் உடனே 1930 என்ற எண்ணை அழையுங்கள்; பணம் கைமாறும் முன் கணக்கை முடக்க முடிந்தால் மீட்கும் வாய்ப்புண்டு. தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலும் பதியுங்கள். உரையாடலை அழிக்காதீர்கள், திரைப்படம் எடுத்து, கணக்கின் இணைப்பு, கைப்பேசி எண், பரிவர்த்தனை எண் ஆகியவற்றைச் சேமித்த பிறகே தடை செய்யுங்கள். மிரட்டுபவருக்குப் பணம் கொடுக்காதீர்கள். ஒருமுறை கொடுத்தவரிடம்தான் மறுமுறையும் வருவார்கள். அந்தரங்கப் படம் பரவினால், பாதிக்கப்பட்டவர் புகாரளித்தால் குறுகிய நேரத்துக்குள் நீக்க வேண்டும் என்று 2021ஆம் ஆண்டு விதிகளே தளங்களுக்கு ஆணையிட்டிருக்கின்றன. ஸ்டாப் என்சிஐஐ என்ற பன்னாட்டு இலவசச் சேவை, உங்கள் படத்தை வாங்காமலேயே அதன் எண்முறைக் கைரேகையை மட்டும் பெற்று, இணைந்துள்ள தளங்களில் அது பரவாமல் தடுக்க உதவுகிறது. எந்தக் காவல் நிலையத்திலும் எல்லை பார்க்காமல் முதல் தகவல் அறிக்கை பதியலாம் என்பது இப்போது சட்டத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது. "எங்கள் எல்லை இல்லை" என்று திருப்பி அனுப்பினால் அதைச் சுட்டிக்காட்டுங்கள். ஆள்மாறாட்டம் செய்து இணையத்தில் ஏமாற்றுவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66டி பிரிவின்படி மூன்று ஆண்டுகள் வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம். நீங்கள் டேட்டிங் செயலி வைத்திருந்தது எந்தச் சட்டப்படியும் குற்றமில்லை.

5. கேட்க வேண்டியதை உரியவரிடம் கேட்போம்

மேலே சொன்ன அத்தனையும் தனிமனிதர் செய்ய வேண்டியவை. அத்தனையும் செய்த பிறகும் ஒருவர் ஏமாறலாம். சாலை விதிகளை முழுதும் மதித்து நடந்தவரையும் வண்டி மோதுவதுண்டு. அப்போது நாம் அவரைப் பார்த்து "ஏன் வெளியே வந்தாய்" என்று கேட்பதில்லை. இங்கே மட்டும் கேட்கிறோம்.

நிறுவனங்களிடம் கேட்க வேண்டியவை சில உண்டு. அடிப்படைப் பாதுகாப்பு வசதி எதையும் சந்தாவுக்குப் பின்னால் பூட்டக்கூடாது. ஒரு கணக்கு மோசடி என்று நீக்கப்பட்டால், அதோடு பேசியிருந்த அனைவருக்கும் அதைத் தெரிவிக்க வேண்டும். இந்தியாவில் எத்தனை புகார்கள் வந்தன, எத்தனையில் நடவடிக்கை எடுக்கப்பட்டது என்று ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். புகாரைத் தமிழிலும் பிற இந்திய மொழிகளிலும் எழுத வழி வேண்டும். நம் பேச்சில் லாபம் பார்ப்பவர்கள் நம் முறையீட்டையும் நம் மொழியில் கேட்கட்டும்.

அரசிடம் கேட்க வேண்டியதும் தெளிவு. திருமணத் தளங்களுக்கு 2016இல் விதித்த பொறுப்பை டேட்டிங் தளங்களுக்கும் விரிவாக்க வேண்டும். ஆனால் எல்லாருடைய ஆதாரையும் நிறுவனத்திடம் ஒப்படைக்கச் சொல்லும் குறுக்குவழி வேண்டாம். 2025 ஜூலையில், பெண்களின் பாதுகாப்புக்கென்றே தொடங்கப்பட்ட டீ என்ற அமெரிக்கச் செயலியிலிருந்து, சரிபார்ப்புக்காகப் பெண்கள் கொடுத்த சுயபடங்களும் அடையாள அட்டைப் படங்களுமாக ஏறத்தாழ 13,000 படங்கள் கசிந்தன. சரிபார்த்த கையோடு ஆவணத்தை அழித்துவிடும் முறை வேண்டும். பால் வேறுபாடின்றி எல்லோரையும் காக்கும் பாலியல் வன்முறைச் சட்டப் பிரிவு மீண்டும் வேண்டும். சைபர் காவல் நிலையத்தில் புகார் எழுதுபவர், "உனக்கு ஏன் இந்த வேலை" என்று கேட்காமல் எழுதக் கற்க வேண்டும்.

பல்கலைக்கழகங்களிடம் ஒன்றே ஒன்று. விடுதி அறிவிப்புப் பலகையில் "செயலிகளைத் தவிர்க்கவும்" என்று ஒட்டுவதை விடுங்கள். 1930 என்ற எண்ணையும், வீட்டுக்குத் தகவல் போகாமல் ஒரு மாணவர் பேசக்கூடிய ஒருவரின் பெயரையும் ஒட்டுங்கள். வீட்டுக்குத் தெரிந்துவிடும் என்ற அச்சம்தான் மிரட்டுபவனின் கையில் உள்ள கத்தி. அதை அவன் கையில் கொடுப்பவர்களாக ஆசிரியர்கள் இருக்க வேண்டாம்.

கடைசியாக நம்மிடம். அடுத்த முறை இப்படியொரு செய்தி உங்கள் கண்ணில் பட்டு, பின்னூட்டம் எழுதக் கை நீளும்போது, உங்கள் நட்புப் பட்டியலில் உள்ள யாரோ ஒருவர் அந்த நிமிடம் மிரட்டப்பட்டுக்கொண்டிருக்கலாம் என்று எண்ணிப் பாருங்கள். அவர் யாரிடம் போய்ச் சொல்லலாம் என்று தேடிக்கொண்டிருப்பார். உங்கள் பின்னூட்டத்தைப் படித்த பிறகு அவர் உங்களிடம் வருவாரா, அல்லது மிரட்டுபவனுக்கு இன்னொரு தவணை அனுப்புவாரா? அதை மனத்தில் வைத்து எழுதுங்கள். யாரேனும் உங்களிடம் வந்து, "நான் ஒருவரைச் சந்திக்கப் போகிறேன், எட்டு மணிக்குள் அழைக்காவிட்டால் எனக்கு ஒரு அழைப்புப் போடு" என்று சொன்னால், யார் என்ன சாதி என்று கேட்காதீர்கள். இடத்தைக் குறித்துக்கொண்டு, எட்டு மணிக்கு மறக்காமல் அழையுங்கள்.